அந்தச் சத்தத்தை நல்லா எழுதிடாத

1

இந்தக் கதை எனக்கு ஒரு நிபந்தனையோடு கிடைத்தது.

"எழுதணும்னா எழுதிக்கோ தம்பி. ஆனா அந்தச் சத்தத்தை மட்டும் நல்லா எழுதிடாத."

சொன்னவள் பெட்டிக்காரி. நேரில் நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். கதையில் 'அவர்' என்று போட்டுப் பார்த்தேன், ஏதோ மேடையில் மாலை போட்டு உட்கார வைத்த மாதிரி தள்ளிப் போய்விட்டாள். அதனால் 'அவள்'. அவளிடம் கேட்டுவிட்டேன். "எப்படியோ போடு, ஆளு நான்தானே" என்றாள்.

எந்தச் சத்தம் என்று பாட்டுக் கேட்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துரு என்று ஒரு பங்க் பாட்டுக்காரன் இருந்தான். கிழிந்த சட்டை, கிழிந்த குரல். கிட்டாரில் மூன்று பிடி தெரிந்தால் போதும், மிச்சத்துக்குக் கோபம் இருந்தால் போதும் என்று ஒரு கூட்டம் கிளம்பிய காலத்தில், அந்தக் கூட்டத்துக்கே தலைப்பிள்ளை அவன். அவனுடைய பாட்டுகளில் எல்லோருக்கும் தெரிந்தது 'கையை இறக்கு'. தொழிலாளியை அடிக்கக் கை ஓங்கும் மேஸ்திரியைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. கடைசி வரி பாதியில் அறுந்துவிடும். உடனே 'டொம்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது.

ஆத்திரம் தாங்காமல் துரு மைக்கைத் தூக்கித் தரையில் அடித்தான், அந்தச் சத்தம்தான் அது என்பது ஊர் அறிந்த கதை. அந்த இடம் வந்தால் கேட்கிறவர்கள் எல்லோரும் காலை ஓங்கித் தரையில் மிதிப்பார்கள். அரங்கத்தில் மிதிப்பார்கள், ஊர்வலத்தில் மிதிப்பார்கள், பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு போகிறவன்கூட மிதிப்பான். அந்தச் சத்தத்தின் அலைக்கோட்டைச் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். கையில் பச்சை குத்திக்கொள்கிறார்கள்.

நானும் மிதித்தவன்தான். ஊரை விட்டு வந்த முதல் வருஷம், யாரும் தட்டாத கதவுள்ள ஒரு வாடகை அறையில் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். 'டொம்' வரும்போதெல்லாம் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அந்த வருஷத்தைத் தாண்டியிருப்பேனா என்று தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவனைத் திட்டும்போது, இவனுக்கு அந்தப் பாட்டே பிடிக்காது போல என்று நினைத்துவிடாதீர்கள்.

2

தொடக்கம் மூன்று தடவை எழுதினேன்.

'பட்டறைக்குள் விழுந்த வெயிலில் மரத்தூள் பொன்னைப் போல மிதந்து…'

(விட்டுவிட்டேன். மரத்தூள் பொன்னைப் போல இருக்காது. மூக்கில் ஏறினால் தும்மல் வரும்.)

'துரு செத்துப்போன சேதி வந்த அன்று ஊரே…'

(இதையும் விட்டேன். அவன் சாவிலிருந்து ஆரம்பித்தால் கதை அவனுடையது ஆகிவிடும். அவனுக்கு ஏற்கெனவே கதைகள் நிறைய.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

பெட்டிக்காரியின் வாயில் எப்போதும் ஆணி இருக்கும்.

அவள் வேலை செய்வது, இப்போது நானும் வேலை செய்வது, இயந்திர பாகங்களை அனுப்புவதற்கு மரப்பெட்டி அடிக்கும் பட்டறையில். பெட்டி அடிப்பவர்கள் ஆணிகளை உதட்டில் கவ்விக்கொள்வார்கள். இடது கை வாயிலிருந்து ஓர் ஆணியை எடுத்துப் பலகையில் நிறுத்தும். சுத்தியல் இரண்டு தட்டுத் தட்டும், ஆணி நிற்கும். பிறகு ஓங்கி ஒரு போடு, உள்ளே போய்விடும். தட்டு, தட்டு, அடி. மறுபடி கை வாய்க்குப் போகும். இந்த வேலையில் பேச முடியாது. பேசினால் ஆணி தொண்டைக்குள் போகும். அதனால் பெட்டி அடிக்கிற பெண்களுக்கு ஊமைக்கூட்டம் என்று வெளியே ஒரு பெயர் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் ஆணியைத் துப்பிவிட்டு இவர்கள் பேசுவதைக் கேட்டவன் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டான்.

'கையை இறக்கு' பாட்டின் தாளத்தைக் கேட்டுப் பாருங்கள். தட்டு, தட்டு, அடி. உலகம் முழுக்க ஆடியது பெட்டிக்காரியின் சுத்தியலுக்கு. துருவின் குழுவில் டிரம் வாசித்தவள் அவள்தான்.

3

இங்கே எனக்கு ஒரு சங்கடம். துரு போலி என்று எழுதிவிட்டால் கதை சுலபமாக முடியும். மேடையில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம் என்று நாலு வரி எழுதி, வாசகரும் நானும் சேர்ந்து காறித் துப்பிவிட்டுப் போகலாம். அப்படி ஒரு வரைவும் எழுதினேன். அதில் துருவுக்கு மஞ்சள் பல்லும் திருட்டு முழியும் வைத்திருந்தேன். பெட்டிக்காரியிடம் படித்துக் காட்டினேன்.

"யாருடா இது?" என்றாள். "அவன் பல்லு நல்லா இருக்கும்."

அவன் போலி இல்லை. நடந்தது இதுதான்.

துரு அப்போது அதே பட்டறையில் லாரியில் பெட்டி ஏற்றுகிறவன். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நாள் அவள் அடித்த பலகை பிளந்துவிட்டது. மேஸ்திரி வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. கன்னத்தில் விட்டான். வாயில் ஆணி இருந்தது. கன்னத்தின் உள்பக்கம் குத்திக் கிழித்தது. அவள் கத்தவில்லை, ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினாள். சுற்றி இருந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். பார்க்கக் கூடாததைப் பார்க்காமலிருக்க மனிதர்களுக்கு ஆயிரம் இடம் இருக்கிறது.

மேஸ்திரி மறுபடி கையை ஓங்கினான். லாரியிலிருந்து ஒருத்தன் குதித்தான். மேஸ்திரியின் முகத்துக்கு நேராகப் போய் நின்று, "கையை இறக்கு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். மேஸ்திரி இறக்கினான். சாயங்காலம் துருவுக்கு வேலை போயிற்று. அந்த வாரமே பாட்டு வந்துவிட்டது. கிட்டார் வாசிக்கத் தெரிந்த ஒரு மின்பணிக்காரனைப் பிடித்தான், அவனுக்குக் கம்பி என்று பெயர் வைத்தான். பிறகு பட்டறை வாசலில் காத்திருந்து பெட்டிக்காரியைக் கேட்டான்: "நீ ஆணி அடிக்கிற மாதிரியே எங்களுக்கு மேளம் அடிக்கிறியா?"

அவளுக்காக அதுவரை யாரும் ஒரு சத்தம் போட்டதில்லை. அப்பா போட்டதில்லை, அண்ணன் போட்டதில்லை. இவன் போட்டான். அதனால் போனாள்.

இந்தப் பகுதியை நீங்கள் முழுசாக நம்ப வேண்டும். நம்பாவிட்டால் அடுத்த பகுதி உங்களுக்கு வலிக்காது.

4

ஒலிப்பதிவு நடந்தது பயன்படாத ஒரு குளிர்பதனக் கிடங்கில். சுவரில் பழைய மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நேரம் குறைவு, ஒலிநாடா அதைவிடக் குறைவு.

பெட்டிக்காரிக்கு ஒரு பழக்கம். பெட்டி அடிப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. ஒவ்வொரு வரி முடிவிலும் இடது கை தன்னால் வாய்க்குப் போகும், அங்கே இல்லாத ஆணியை எடுக்க. அதில் தாளம் அரை இம்மி தாமதிக்கும். மேடையில் யாரும் கவனிக்கவில்லை. ஒலிப்பதிவில் துரு கவனித்தான்.*

(* இந்த அரை இம்மியைப் பற்றி இப்போது பெரிய பெரிய கட்டுரைகள் வந்திருக்கின்றன. 'ஒடுக்கப்பட்டவனின் மூச்சு' என்று ஒருவர் எழுதினார். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "மூச்சு இல்லப்பா, ஆணி" என்றாள். கட்டுரைக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் தேநீர் மணி அடித்துவிட்டது.)

முதல் தடவை கத்தினான். அடுத்த தடவை, வாயில் என்ன புண்ணா என்று கேட்டான். கம்பி சிரித்தான், அவளும் சிரித்தாள். அடுத்த தடவை பாட்டு நன்றாகப் போயிற்று, கடைசி வரி வரைக்கும். கடைசி வரியில் அவள் கை வாய்க்குப் போனது.

இப்போது அந்தச் சத்தம்.

'மின்னல் வெட்டுவதற்கும் இடி விழுவதற்கும் நடுவே இருக்கும் அந்த…'

(இல்லை.)

'இரும்பு காற்றைக் கிழித்துக்கொண்டு…'

(இல்லை. இது நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதுதான் பிரச்சினை.)

'டொம். கிடங்கின் மெத்தைகள்கூட அந்தச் சத்தத்தை விழுங்க மறுத்து…'

(அக்கா மன்னிக்கணும்.)

நிபந்தனைப்படி எழுதுகிறேன். துரு மைக் நிற்கும் இரும்புத் தண்டை எடுத்து அவளை அடித்தான். இடது பக்கம் கழுத்தெலும்பு உடைந்தது. அவள் டிரம்மின் மேல் விழுந்தாள். சத்தத்தில் பாதி எலும்பு, பாதி டிரம்.

5

மருத்துவமனைக்கு அவன்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். அழுதான். கையைத் தூக்கிக் கட்டியிருந்த துணியில் பேனாவால் 'கையை இறக்கு' என்று எழுதினான். அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் அவளுக்கு இப்போது உடம்பு கூசுகிறது. அடியை நினைத்தால்கூட அப்படி இல்லையாம்.

கம்பி ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினான். மறுபடி பதிவு செய்ய நாடா இல்லை, டிரம்மரின் கையும் இல்லை. கடைசியில் வந்த சத்தத்தை வெட்டிவிடலாமா என்று அவளிடமே கேட்டான். மூன்று பேரும் நாடாவை ஓடவிட்டுக் கேட்டார்கள். மறுபடி ஓடவிட்டுக் கேட்டார்கள்.

"நல்லாத்தான் இருந்துச்சு தம்பி" என்றாள் என்னிடம். "அதான் கொடுமை. வெட்டாதன்னு நான்தான் சொன்னேன்."

கை குணமாகச் சில மாதம் பிடித்தது. அதற்குள் குழுவுக்கு வேறு டிரம்மர் வந்துவிட்டான். தூக்கிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது, இவள் விலகினாள் என்றும் சொல்ல முடியாது. துரு கொஞ்ச நாள் வந்துகொண்டிருந்தான். பிறகு சேதி மட்டும் வந்தது. பிறகு அவன் முகம் சுவர்களில் வந்தது. அடிபட்டவர்களின் குரல் என்று கீழே எழுதியிருந்தது. அவள் பழைய பட்டறைக்கே திரும்பினாள், கல்யாணம் செய்தாள், ஒரு மகள் பிறந்தாள், புருஷன் வேறு ஒருத்தியோடு போனான். தோளுக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்த எலும்பை மகள் கேட்டபோது, பெட்டி சரிந்து விழுந்துவிட்டது என்றாள்.

போன வருஷம் துரு செத்தான். குடல் கெட்டுச் செத்தான். அதில் கவிதை ஒன்றுமில்லை.

இந்த வருஷம் அவன் நினைவாக நகர மன்றத்தில் ஒரு கச்சேரி ஏற்பாடாயிற்று. கம்பி பட்டறைக்கே வந்தான். வழுக்கை, நல்ல காலணி, பேச்சில் மட்டும் பழைய உரிமை. சாப்பாட்டு நேரம். பலகைகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். பழைய ஆட்கள் வாசித்தால் எப்படி இருக்கும் தெரியுமா என்று வெகு நேரம் பேசினான். கடைசியில் வந்த விஷயத்துக்கு வந்தான்.

"அந்த 'டொம்' நீயே அடிக்கணும் பெட்டி. ஜனம் மொத்தமும் உன்கூட மிதிக்கும். யோசிச்சுப் பாரு."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"பாட்டு வாசிக்கிறேன் கம்பி. அது என் பாட்டு. அந்த அடி என்கிட்ட இல்ல. நான் வாங்கினவ. குடுத்தவன்கிட்ட போய்க் கேளு."

"அவன்தான் செத்துட்டானே."

"அப்ப அதுவும் செத்துச்சுன்னு வச்சுக்கோ."

கம்பி என்னைப் பார்த்தான். என் சட்டையில் அந்த அலைக்கோடு இருந்தது. மரத்தூளை உதறுகிற சாக்கில் கையால் மறைத்தேன். அவன் போன பிறகு அவள் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கதை வந்த வழி இதுதான்.

6

மகளை இந்தக் கதையில் கொண்டுவரலாமா என்று வெகு நாள் யோசித்தேன். கொண்டுவராவிட்டால் பெட்டிக்காரியின் பக்கம் நியாயம் சுத்தமாக இருக்கும். கொண்டுவந்தால் கலங்கும். சரி, கலங்கட்டும்.

மகள் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு மேற்பார்வையாளன். மேஸ்திரி என்று இப்போது யாரும் சொல்வதில்லை, கை மட்டும் அதே கைதான். ஒரு பெண்ணை ஈரத்துணி மூட்டையால் அடித்துவிட்டான். சலவைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். தினமும் அவன் உள்ளே போகும்போது 'கையை இறக்கு' பாடுவார்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து மிதிப்பார்கள். அவன் நடை மாறிவிட்டது என்று மகள் சிரித்துக்கொண்டே சொல்வாள். இப்போதெல்லாம் பின்பக்க வழியாகத்தான் போகிறானாம். அவளுடைய முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும், அந்தச் சத்தத்தின் அலைக்கோடு பச்சையாக இருந்தது.

கச்சேரிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்காரி மகளிடம் சொன்னாள். நான் அங்கே இல்லை. அவள் சொன்னதை வைத்து எழுதுகிறேன். மகள் அழுவாள், அம்மாவைக் கட்டிக்கொள்வாள் என்று முதலில் எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு, "என் பொண்ணைப் பத்தி உனக்கு என்ன தெரியும்" என்றாள்.

மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"இதை இப்ப ஏன் சொல்ற?"

"மேடையில நான் அந்த இடத்துல அடிக்க மாட்டேன். ஏன்னு நீ கேப்பியே."

"நாளைக்கு வாசல்ல நாங்க எதைப் பாடறது?"

"அதையே பாடு. வேணாம்னு சொல்லலையே."

"எப்படிம்மா பாடறது?"

"நான் பாடலையா? பாத்திரம் கழுவறப்ப என் வாயில என்ன வருதுன்னு நினைச்ச?"

மகள் பச்சை குத்திய கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். கத்தவில்லை. அதுதான் அம்மாவுக்கு ஆறவில்லை.

"உன் எலும்பை நீ என் கையில குத்த விட்டிருக்க. அப்பவே சொல்லியிருந்தா குத்தியிருக்க மாட்டேன். இல்லன்னா கடைசி வரைக்கும் சொல்லாம இருந்திருக்கணும். ரெண்டுல ஒண்ணு செஞ்சிருக்கலாம்ல?"

கோபம் துருவின் மேல் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். செத்தவன் எப்போதும் தப்பித்துக்கொள்கிறான். உண்மையைச் சொன்னவள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

7

கச்சேரி நாளைப் பற்றி எழுதிய முடிவுகள்:

(அ) பெட்டிக்காரி மைக்கைப் பிடித்து நடந்ததைச் சொல்கிறாள். மன்றம் உறைந்துபோகிறது. துருவின் படம் தானே கழன்று…

(நடக்கவில்லை. அந்த மாதிரி மன்றங்கள் உறையாது. 'பாட்டைப் போடு' என்று யாராவது கத்துவான். அதோடு, மறுநாள் சலவைப் பெண்களின் வாயிலிருந்து அந்தப் பாட்டைப் பிடுங்கினவள் என்ற பெயரும் அவளுக்கு வரும். அவள் அதை யோசித்திருந்தாள்.)

(ஆ) அவள் வாசிக்கிறாள். கடைசி வரி. அடிக்க வேண்டிய இடத்தில் இடது கை மெல்ல வாய்க்குப் போகிறது. இத்தனை வருஷம் உதட்டில் கவ்வியிருந்த கடைசி ஆணியை எடுப்பது போல…

(கை வாய்க்குப் போனது நிஜம். நான் பார்த்தேன். ஆனால் எழுதினால் அழகாக இருக்கிறது. அதனால் அடித்துவிட்டேன். ஆனால் நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். கம்பியும் இதைத்தான் சொல்லியிருப்பான்: ஏற்கெனவே பதிவாயிருச்சே, நல்லா வேற இருக்கு, விட்டுடலாமே.)

யோசித்துப் பார்த்தால் நானும் கம்பியும் ஒரே வேலைதான் செய்கிறோம். ஒருத்தியின் எலும்பு உடைந்த சத்தத்தை எங்கே வைத்தால் நன்றாக இருக்கும் என்று பார்க்கிறோம். அந்தச் சத்தத்தை வெட்டிவிட்டால் இந்தக் கதையில் என்ன மிச்சம்? பெட்டி அடிக்கும் ஒரு பெண். அவளைப் பற்றி நான் எழுதியிருப்பேனா? இந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்றிருக்கிறது.

(இ) பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

மன்றம் நிறைந்திருந்தது. துருவின் படம் மேடையை விடப் பெரிதாகத் தொங்கியது. பல் நன்றாகத்தான் இருந்தது. மகள் வருவாள் என்று அம்மா எதிர்பார்க்கவில்லை. வந்தாள். வெக்கையில் எல்லோரும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டிருக்க, இவள் மட்டும் மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள். அம்மா சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டாள் என்றேன்.

பாட்டு ஆரம்பித்தது. தட்டு, தட்டு, அடி. இத்தனை தெரிந்த பிறகும் என் முதுகுத்தண்டு சிலிர்த்தது. கட்டுப்படுத்தப் பார்த்தேன், முடியவில்லை. பாட்டு அவ்வளவு நல்ல பாட்டு. பாடிய இளைஞன் துருவைப் போலவே கிழிந்த குரலில் பாடினான். பெட்டிக்காரி கூட்டத்தைப் பார்க்கவில்லை. எலும்பு துருத்திய தோளை மறைக்கவும் இல்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் அந்த அரை இம்மி வந்தது. மகள் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பாடினாளா, எண்ணினாளா, தெரியாது.

கடைசி வரி வந்தது, பாதியில் அறுந்தது. பெட்டிக்காரி குச்சிகளை மடியில் வைத்துவிட்டாள். கம்பி திரும்பி அவளைப் பார்த்தான். அந்த இடம் காலியாகக் கிடந்தது.

மன்றம் முழுக்க எந்த இடத்தில் மிதிக்க வேண்டும் என்று தெரிந்த கால்கள். மகளின் குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது. என்னுடையதும்.

இங்கேயே பாதியில் நிறுத்தினால் அந்தப் பாட்டைப் போலவே இருக்கும். விமர்சகர்கள் பாராட்டுவார்கள். அதனால் நிறுத்தப்போவதில்லை. ஆனால் சத்தம் வந்ததா என்றும் சொல்லப்போவதில்லை. வந்தது என்றால் எங்களைத் திட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள். வரவில்லை என்றால் எங்களைப் பாராட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள்.

மறுநாள் சலவைப் பிரிவின் வாசலில் அதே பாட்டுத்தான் பாடினார்கள். "எங்களுக்கு வேற பாட்டு இல்ல" என்றாள் மகள். கடைசி இடத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "வந்து பாருங்க மாமா" என்றாள். அவள் என்னை மாமா என்று கூப்பிட்டது அது முதல் தடவை. நான் போகவில்லை.

இனி உங்கள் முறை. அந்தப் பாட்டு எப்படியும் உங்கள் காதில் விழும். தேநீர்க் கடையில், பேருந்தில், பக்கத்து வீட்டில், இல்லை நியாயமான ஓர் ஊர்வலத்தின் நடுவில். அது நல்ல பாட்டு, பிடிக்கும். கடைசி வரி பாதியில் அறுகிறபோது குனிந்து உங்கள் காலைப் பாருங்கள். கதையின் முடிவு அங்கே இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள்.

நல்லா எழுதிடாதீங்க.